சூம் எண்ணைப் பார்த்துக் கமரா வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக்கு மின்னேரியா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், யானை எடுக்க ஒரு சின்னக் கமரா சொல்லுங்கள் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், மூவருமே கடையில் 40 மடங்கு சூம் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். நானும் முதலில் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன்.

யானைகள் குளத்தங்கரைப் புல்லுக்கு இறங்குவது வெயில் தாழ்ந்த பிறகுதான். அந்தக் கமராவோடு நான் போன அன்று ஐந்தரை மணி இருக்கும், ஒரு குட்டி தாயின் காலடியில் நின்று புல்லை உதைத்து உதைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஜீப் நின்றிருந்தது, என் கையும் ஆடவில்லை. வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால் குட்டியின் உடம்பெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளிகள், கண் எங்கே என்றே தெரியவில்லை. சூமை முழுதாக நீட்டினால் இந்தச் சின்ன லென்ஸ்களுக்குள் வரும் வெளிச்சம் குறைந்துவிடும், உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சரோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கமரா ஐஎஸ்ஓவை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவைக் கூட்டிச் சமாளிக்கும், அந்தப் புள்ளிகள் அப்படி வந்தவைதான்.

ஒரு அங்குலச் சென்சர் என்கிறார்களே, அது பரப்பில் இதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. பனசொனிக் டிஇசட்200 அந்த வகை. சூம் 15 மடங்குதான், அதாவது லென்ஸ் கணக்கில் 360 மில்லிமீற்றர் (இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும்), ஜீப்பிலிருந்து யானை எடுக்கத் தாராளம். சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடல் ஓடுகிற விலங்கைப் பிடிப்பதில் கெட்டி, ஆனால் 200 மில்லிமீற்றரோடு நின்றுவிடும், பறவைக்குப் போதாது. இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் உண்டு. நம் திருகோணமலைக் கடலில் திமிங்கிலம் பார்க்கப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும், அந்த வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றுமே தெரியாது. வீடியோ என்றால் படகில் சூமைப் பாதிக்கு மேல் நீட்டாமல், முழங்கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு எடுங்கள். புறாத்தீவில் தண்ணீருக்குள் எடுக்க இவை உதவா, அதற்கு நீர் புகாத கமரா வேண்டும்.

இன்னொன்று. இங்கே பிரட்றிக் கோட்டையில் போனில் படம் எடுக்க மான்களை பிஸ்கட் காட்டிக் கிட்டக் கூப்பிடுகிறார்கள், போன வாரம் ஒரு மான் பிஸ்கட்டோடு அதன் உறையையும் சேர்த்து மென்றதைப் பார்த்தேன், மனம் பொறுக்கவில்லை. தயவுசெய்து தள்ளி நின்று எடுங்கள், சூம் இருப்பது அதற்குத்தானே.

கமரா வாங்கப் போகிறவர்கள் பொழுது சாயும் நேரத்தில் கடைக்குப் போங்கள். வாசலில் நின்று, தெருவின் அந்தப் பக்கத்தில் படுத்திருக்கும் மாட்டையோ நாயையோ முழுச் சூமில் எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, அதன் கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.