உன் கலர் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, அக்கா

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் சிரித்தே பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் தாமிரபரணி நம் வீட்டுக்குள் வந்தது நினைவிருக்கும். கீழே இருந்ததெல்லாம் சேறாகிப் போனதால், மிஞ்சியது என்னவென்று பார்க்கப் பரணில் ஏறினேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் உன் தகரப் பெட்டி. உள்ளே கேமல் வாட்டர் கலர் டியூப்கள் கல்லாய்க் கிடந்தன. குப்பையில் போடத்தான் இறக்கினேன். சும்மா விளையாட்டுக்கு ஒரு டியூபை பிளேடால் கீறி, தண்ணீரில் நனைத்த விரலை வைத்தேன். விரலெல்லாம் நீலம். நாற்பது வருஷத்து நீலம்!

அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது: வாட்டர் கலரில் சாயப் பொடியைப் பிடித்து வைத்திருப்பது வேல மரத்துப் பிசின். எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் இளகிவிடும். அக்ரிலிக் என்றால் காய்ந்தது காய்ந்ததுதான். நல்லவேளை, உன் காலத்தில் அது நம் தெருவுக்கு வரவில்லை.

என் கை லட்சணம் உனக்குத் தெரியும். பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டில் செம்பருத்தியின் வெட்டுத்தோற்றம் முதல் கரப்பான்பூச்சியின் குடல் வரை எல்லாமே நீ போட்டுக் கொடுத்தவை. சார் அந்தக் கரப்பானை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். நான் கூச்சமே இல்லாமல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

அந்த நான்தான் இப்போது தினமும் காலையில் வரைகிறேன். குறுக்குத்துறை முருகன் கோவில், ஆற்றுக்கு நடுவே, அது ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப. முதலில் ஜெராக்ஸ் பேப்பரில் போட்டேன். ஈரம் பட்டதும் அப்பளமாய்ச் சுருண்டுவிட்டது. பிறகு கெட்டியான 300 ஜிஎஸ்எம் தாள் வாங்கினேன். வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதானாமே? தண்ணீரில் வெயில் மினுங்கும் இடத்தை ஆரம்பத்திலேயே தொடாமல் விட வேண்டும். நீ இதையெல்லாம் பத்து வயதிலேயே தெரிந்து வைத்திருப்பாய். முப்பது வருஷம் ஆபீசில் காலிக் கட்டங்களை நிரப்பியே பழகியவனுக்குச் சும்மா விடக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆனது.

இன்னொன்று. நம் ஆறு நீலமே இல்லை, அக்கா. கரையோரம் தேயிலைத் தண்ணி நிறம், நடுவில் பாசிப் பச்சை, கல் மண்டபத்தின் நிழல் விழும் இடத்தில் கத்தரிப்பூ ஊதா. பிறந்ததிலிருந்து குளித்த ஆறு. எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? அந்த ஊதாவைக் கலக்க உட்கார்ந்தால் காபி ஆறிப்போகும். "பேசாமலே இருக்கீங்களே, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று என் மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் பண்ணவில்லை. அந்த ஒரு மணி நேரம் பென்ஷன், சர்க்கரை, சேறு பிடித்த சுவர் எதுவும் மனதில் இல்லை. படம் என்னவோ சுமார்தான். போன வாரம் போட்டதில் கோவில் மிதக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கிறது.

நீ ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் ஹையர் என்ற அரசு ஓவியப் பரீட்சை பாஸ் செய்ததும் தெருவே நம் வீட்டுக்கு வந்ததே. கொலுவுக்குப் பின்திரை, கல்யாணத்துக்குப் பெயர்ப் பலகை, யார் யாருடைய ரெக்கார்டு நோட்டோ. ஏன் விட்டுவிட்டாய் என்று ஒருமுறை கேட்டேன். "பிரஷ்ஷ எடுத்தா, இது யாருக்குன்னுதாம்ல முதல்ல தோணுது" என்றாய். கல்யாணமும் அடுப்படியும்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாக வரைகிறவள் என்பதால் உன்னிடம் நல்ல படமாகவே கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் வரிசையில் நின்றவன் நான். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால் தொட்டி மாதிரிக் கோவிலைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறேன்.

அமெரிக்காவில் கிராண்ட்மா மோசஸ் என்று ஒரு பாட்டி இருந்தார். பண்ணை வீட்டுக்காரி. மூட்டுவலியில் எம்பிராய்டரி ஊசி பிடிக்க முடியாமல் போனபோது, பெயின்டிங் சுலபமாக இருக்கும் என்று உடன்பிறந்த சகோதரி சொல்லப்போய், எழுபத்தைந்து வயதுக்கு மேல் மும்முரமாக வரையத் தொடங்கினார். 1961-ல் இறக்கும்போது வயது 101. உனக்கு இன்னும் எழுபதுகூட ஆகவில்லை. உடன்பிறந்தவன் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதுரைக்கு வரும் உன் மருமகனிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். டியூப்களையெல்லாம் கீறி, கலரைப் பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறேன். தாளும் பத்து இருக்கிறது. வரைந்ததை எனக்குக் காட்ட வேண்டாம்.

கிரிம்சன் மட்டும் இல்லை. ஊதா கலக்கிக் கலக்கி நான்தான் தீர்த்துவிட்டேன். திட்டாதே.

உன் தம்பி