பட்டா இல்லாத மனையில் எழுதுகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய எழுத்தாளர்களுக்கும் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம். எழுதுவதையெல்லாம் முகநூலை மட்டுமே நம்பி வைத்திருக்கிறோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மின்மடல் வழியாகக் கூடிப் பேச உதவிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டன. பழைய மடல்களையும் கோப்புகளையும் தளத்திலிருந்து நீக்கப்போவதாக நிறுவனம் அதற்கு ஓராண்டுக்கு முன்பே அறிவித்திருந்தது. சொன்னபடியே நீக்கியும் விட்டது. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் எனத் தமிழ் இணையம் இருபதாண்டுகளுக்கு முன் கூடிப் பேசிய இடங்கள் அங்கேதான் இருந்தன. இன்று முன்வரிசையில் இருக்கும் சிலர் எழுதிப் பழகியதே அங்கேதான். கதைக்கு எதிர்க்கதை, கட்டுரைக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, நடுவே யாரோ ஒருவரின் வெண்பா என்று நடந்த அந்தப் பேச்சில், உறுப்பினர்கள் தத்தம் கணினியில் எடுத்து வைத்தது போக மற்றதெல்லாம் போயிற்று. ஓர் இரங்கல் கூட்டம்கூட நடந்ததாகத் தெரியவில்லை.

அது முதல் முறையும் அல்ல. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் பலர் தனிப்பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டிஸை அதே யாகூ 2009 அக்டோபரில் மூடியது. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று போனது. அதே கூகுள் நடத்திய கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. முகநூலில் ‘குறிப்புகள்’ என்றொரு வசதி இருந்ததே, நினைவிருக்கிறதா? நீண்ட கட்டுரைகளையும் சிறுகதைகளையும் தலைப்பிட்டு, படம் வைத்து, பலர் அதில்தான் வெளியிட்டார்கள். 2020 அக்டோபர் 31க்குப் பிறகு அதில் புதிதாக எழுதவும் முடியாது, பழையதைத் திருத்தவும் முடியாது என்றாகிவிட்டது. தன் கதையில் இருக்கும் ஓர் ஒற்றுப்பிழையை எழுதியவரே சரிசெய்ய முடியாத நிலை வந்தபோதாவது நாம் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை, நிலைத்தகவலாகவே நீளமாக எழுதப் பழகிக்கொண்டோம்.

எழுத்தின் உரிமை எழுதியவருடையது என்றுதான் முகநூலை நடத்தும் மெட்டாவின் விதிகளும் சொல்கின்றன. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த எழுத்து இருக்கும் முகவரி உங்களுடையதில்லை. அதை யாருக்குக் காட்டுவது, எத்தனை மணி நேரம் காட்டுவது, எந்த ஆண்டுவரை வைத்திருப்பது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் வேறு ஒருவர். பட்டா இல்லாத மனையில் மூன்று மாடி கட்டிக் குடியேறியிருக்கிறோம்; இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை என்ற தைரியத்தில் நான்காவது மாடிக்குச் செங்கல் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

முகநூலை விட்டு வெளியேறுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் நீங்கள் வெளியேறப்போவதில்லை. வாசகர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். நான் கேட்பது வரிசை மாற்றம். எழுதுவது எதுவானாலும் முதலில் உங்கள் பெயரில் பதிவு செய்த ஓர் இணைய முகவரியில் வெளியாகட்டும். அதன் பிறகு முகநூலுக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகட்டும். இப்போது பலருக்கு முதல் இடமும் கடைசி இடமும் முகநூலாகவே இருக்கிறது.

அச்சில் வந்த ஒன்று முழுதாகக் காணாமல் போவது அவ்வளவு சுலபமில்லை. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எல்லோரும் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்ற கேள்விக்குப் பதிப்பாளர்கள் தங்களுக்குள் பதில் சொல்லிக்கொள்ளலாம். சட்டம் தவறவிட்டதை ஆர்வலர்கள் பிடித்தார்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, நாடக நோட்டீஸையும் திருமண அழைப்பிதழையும்கூட விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. சில நூறு பிரதிகள் மட்டும் அச்சடித்து நின்றுபோன சிற்றிதழ்களை நாம் இன்று புரட்ட முடிவது இப்படிப்பட்டவர்களால்தான்.

இன்றைக்கு ஒரு ரோஜா முத்தையா கிளம்பினால் முகநூலிலிருந்து எதைச் சேர்ப்பார்? உள்நுழையாமல் படிக்கப் போனால் ஓரிரு பதிவுகள் கடப்பதற்குள் கணக்குக் கேட்டுத் திரை மறைத்துவிடுகிறது. 1996 முதல் இணையப் பக்கங்களைப் படியெடுத்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவும் பெரும்பாலும் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு நாவலைப் பற்றி உங்கள் பக்கத்தில் இரண்டு நாட்கள் விவாதம் நடந்திருக்கும். மூத்த எழுத்தாளர்கள் வந்து பின்னூட்டம் எழுதியிருப்பார்கள். அதை ஓர் ஆய்வு மாணவர் இன்று தேடி எடுப்பது அநேகமாக நடக்காத காரியம். நீங்களே தேடினாலும் கிடைக்காது. ‘நினைவுகள்’ என்று முகநூலே மனமிரங்கி ஒரு நாள் எடுத்துக் காட்டினால் உண்டு.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள், ஊதியம் எதுவும் இல்லாமல், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். தொடக்கத்தில் இருந்த குறியீட்டு முறை வழக்கொழிந்தபோது, கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டார்கள். மாற்ற முடிந்தது, ஏனென்றால் கோப்புகள் அவர்கள் கையில் இருந்தன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் திட்டமும் தன் சொந்த முகவரியில்தான் நிற்கிறது. உலகின் மிகப் பெரிய இணைய நிறுவனங்களில் ஒன்றாக இருந்த யாகூ கைமாறிச் சுருங்கிப்போன அதே காலத்தில்தான், பணமில்லாத இந்த இரண்டு முயற்சிகளும் தாக்குப்பிடித்தன.

நிறுவனம் கடையை மூடினால்தான் ஆபத்து என்பதில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது. டிக்டாக்கில் இருந்த தமிழ்க் கலைஞர்கள் தங்கள் பார்வையாளர்களை ஒரே இரவில் இழந்தார்கள். போர்க்கால நினைவுகளைப் பகிர்ந்ததற்காகத் தங்கள் பதிவுகள் நீக்கப்பட்டதாக ஈழத்தமிழர்கள் பலர் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். கணக்கு முடங்கினால் இந்தியாவில் இப்போது வழி இருக்கிறது: 2021ஆம் ஆண்டு விதிகளின்படி குறைதீர் அலுவலர் உண்டு, 2023இல் மேல்முறையீட்டுக் குழுக்களும் வந்துவிட்டன. முறையிடலாம். அவர்கள் பரிசீலித்து முடிக்கும்வரை உங்கள் எழுத்தை யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான்.

‘தளத்தில் போட்டால் யார் வந்து படிக்கிறார்கள்?’ என்பீர்கள். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்க வேண்டும். பல வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் பட்டியலிட்ட, 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளின் காலத்தில் வலைப்பதிவுகளை வாசகர்கள் தேடிப் போய்ப் படித்தார்கள். மறுமொழி எழுத மெனக்கெட்டார்கள். விரும்பிய தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய ரீடர் சேவையைக் கூகுள் 2013 ஜூலையில் நிறுத்தியது. பலரும் ஏற்கெனவே முகநூலுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். வாசகர்கள் தாமாகப் போகவில்லை. எழுதுகிறவர்கள் போனதால் பின்னாலேயே போனார்கள். இப்போது ‘வாசகர்கள் அங்கே இருக்கிறார்களே’ என்று எழுதுகிறவர்களே கைவிரிப்பது வேடிக்கைதான். அங்கேயும் எல்லோருக்கும் உங்கள் பதிவு போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். வெளியிணைப்பு கொடுத்தால் பதிவு அமுங்கிவிடும் என்ற பயத்தில் ‘சுட்டி முதல் பின்னூட்டத்தில்’ என்று எழுதும் வழக்கம் எப்படி வந்தது? தன் கட்டுரைக்குத் தானே வழிகாட்டுவதற்கு ஒளிந்து மறைந்து நடக்க வேண்டியிருக்கிறது.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விருப்பக்குறிகள் நம் உரைநடையை மாற்றிவிட்டன. முதல் மூன்று வரிகளுக்குள் சண்டைக்கு இழுக்காவிட்டால் ‘மேலும் காண்க’ என்பதை யாரும் அழுத்தமாட்டார்கள் என்று தெரிந்து எழுதுகிறோம். இருபது பக்கத்துக்கு வளர வேண்டிய கட்டுரை இரவு ஒன்பது மணிக்கு இருபது வரியாக வெளியேறி, மறுநாள் காலைக்குள் ஆறிப்போகிறது. சொந்தத் தளத்தில் இந்த அவசரம் இருக்காது. கைதட்டலும் அவ்வளவாக இருக்காது. அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

சிற்றிதழ் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. உங்களில் சிலர் அச்சை நிறுத்திவிட்டு முகநூல் பக்கத்தையே இதழ் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். 1999இல் தொடங்கிய திண்ணை இணைய இதழ் தன் சொந்த முகவரியில்தான் வந்தது. அதனால்தான் அதில் வந்த பழைய கட்டுரையைக் காட்டி இன்றும் ஒருவரோடு வாதாட முடிகிறது. இதழ் என்றால் எண் வேண்டும், தேதி வேண்டும், பொருளடக்கம் வேண்டும், ஐந்தாண்டு கழித்தும் மாறாத சுட்டி வேண்டும். படைப்பாளி முகநூலில் ஏற்கெனவே வெளியிட்டதை அப்படியே வாங்கிப் போடாதீர்கள். அனுப்புகிறவர்களிடம் படைப்பைக் கோப்பாகக் கேளுங்கள், கைப்பேசித் திரையின் படமாக அல்ல.

பதிப்பாளர்களே, மின்நூல் என்றதும் அமேசானின் கிண்டில் என்று நினைப்பதை நிறுத்துங்கள். 2016 இறுதியில் கிண்டிலுக்குத் தமிழ் வந்தது நல்ல செய்திதான். பலரின் பழைய நூல்கள் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன. ஆனால் தானே பதிப்பிக்கும் ஒருவர் தன் நூலைச் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் சேர்த்தால், குறைந்தது 90 நாட்களுக்கு அந்த மின்நூலை வேறெங்கும் வெளியிடக்கூடாது. நிறுத்தச் சொல்லாவிட்டால் அந்தக் கெடு தானாகவே நீண்டுகொண்டு போகும். வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. விற்பதற்குக் கிண்டிலை வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பும், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது மின்நூல் வடிவமான இபப்பும் உங்களிடமும் ஆசிரியரிடமும் இருக்கட்டும். அச்சுக்குப் போகும் பக்க வடிவமைப்பு மட்டும் போதாது. பழைய எழுத்துருவில் இருக்கும் அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்ற அடுத்த தலைமுறை என்ன பாடுபடும் என்பதை ஒரு தட்டச்சாளரைக் கேட்டுப் பாருங்கள்.

செலவைப் பற்றி. ஒரு முகவரியை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ள ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். புத்தகக் கண்காட்சியில் ஒரு மாலையில் கரைகிற தொகை. தளம் நடத்தும் வேர்டுபிரஸ் கட்டற்ற மென்பொருள், இலவசம். பிளாக்ஸ்பாட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள் அதை விட்டு ஓட வேண்டியதில்லை. அதுவும் கூகுளுடையதுதான், ஆனால் உங்கள் சொந்த முகவரியை அதோடு இணைக்க முடியும், எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளவும் முடியும். நாளை அதுவும் மூடப்பட்டால் அதே முகவரியை வேறிடத்துக்குத் திருப்பிவிடலாம். வாசகருக்கு வித்தியாசமே தெரியாது. முகவரி நம்முடையதாக இருக்க வேண்டும் என்று நான் மறுபடி மறுபடி சொல்வது இதற்காகத்தான்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முகநூல் அமைப்புகளில் உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. அதில் ஜேசன் வடிவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தமிழ் எழுத்தெல்லாம் படிக்க முடியாத குறிகளாக வந்து நிற்கும், அதைச் சீர்செய்ய நிரல் தெரிந்தவர் வேண்டும். எச்.டி.எம்.எல். வடிவத்தில் கேட்டால் உலாவியில் திறந்து அப்படியே படிக்கலாம். காலம் என்ற இடத்தில் தொடக்கம் முதல் என்று குறிப்பிடுங்கள். உங்கள் பதிவின் கீழ் மற்றவர்கள் எழுதியது அந்தக் கோப்பில் வராது. முக்கியமான விவாதங்களைத் தனியாகத்தான் படியெடுக்க வேண்டும், எழுதியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. உங்கள் மறைவுக்குப் பிறகு கணக்கைப் பார்த்துக்கொள்பவரைக் குறிக்கும் வாரிசுத் தொடர்பு என்ற இடத்தில் நம்பிக்கையான ஒருவரின் பெயரைக் குறித்து, பதிவுகளை இறக்கிக்கொள்ள அவருக்கு அனுமதியும் கொடுங்கள். இல்லையென்றால் உங்களுக்குப் பிறகு தொகுப்பு கொண்டுவர நினைக்கும் குடும்பத்தினர், கடவுச்சொல் தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தொழில்நுட்பம் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு: கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதிவருகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோரின் குழுக்கள் இருக்கின்றன. கேட்டால் பொறுமையாகச் சொல்லித்தருகிற இளைஞர்கள் அங்கே உண்டு. பதினைந்து ஆண்டுப் பதிவுகளை ஒரே மூச்சில் ஏற்றப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். முதலில் கதைகளும் கட்டுரைகளும், அடுத்து நூல் அறிமுகங்கள், அதன் பிறகு அஞ்சலிக் குறிப்புகள். பிறந்தநாள் வாழ்த்துகளையும், யாருக்கும் இப்போது காரணம் நினைவில்லாத சண்டைகளையும் முகநூலிலேயே விட்டுவிடலாம்.

அன்புடன்,
பழைய இதழ்களைத் தேடித் திரியும் ஒரு வாசகர்