நம்ம கோர்ட் ஊழியர் சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். கூட்டம் எத்தனை நடந்துச்சு, யாரு ரிட்டயர் ஆனாங்கன்னு எழுதிட்டு முடிச்சிடலாம்னுதான் உக்காந்தேன், ஆனா இந்த வருஷம் பூரா நாம பேசினது ஒரே விஷயம்தான், குடும்ப கோர்ட்லயும் சிறார் நீதி வாரியத்துலயும் நாம பாக்கற வேலைய எப்படி அளக்கறதுன்னு, அதனால அதையே எழுதிடறேன்.

ஆள் பத்தலன்னு கேட்டா உடனே வர்ற கேள்வி, எத்தனை கட்டு, அதாவது கேஸ் ஃபைல், பெண்டிங்? இந்து திருமணச் சட்டம் 13பி-ல ரெண்டு பேரும் சம்மதிச்சு விவாகரத்து கேட்டு வர்ற மனுவும் (ஹெச்எம்ஓபி) ஒரு நம்பர்தான், 2017ல சுப்ரீம் கோர்ட் அந்த ஆறு மாச வெயிட்டிங்க தள்ளுபடி பண்ணலாம்னு சொன்னதுக்கப்புறம் சிலது சீக்கிரமே மூடிடுது. பக்கத்துலயே இன்னொரு கட்டு இருக்கும், இடைக்கால ஜீவனாம்சத்துக்கு ஒரு ஐஏ (கேஸுக்குள்ளயே போடற இடைக்கால மனு), புள்ளைய பாக்கறதுக்கு ஒரு ஐஏ, போன வாரம் காட்டலன்னு இன்னொண்ணு. ரிஜிஸ்டர்ல அதுவும் ஒரு நம்பர்தான்! 2020ல ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பு வந்ததுல இருந்து ஜீவனாம்ச கேஸ்ல ரெண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாத்துக்கும் அஃபிடவிட் போடணும், நல்ல விஷயம்தான், ஆனா அத்தனை பக்கத்தையும் சரிபாத்து நம்பர் போட்டு கட்டுல சேக்கறது யாரு? 2024 ஜூலை 1ல இருந்து ஜீவனாம்சத்துக்கான பழைய சிஆர்பிசி 125-ம் பிரிவு வேற, அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 144 ஆயிடுச்சு, வாய்ல வர்றது இன்னும் நூத்தி இருபத்தஞ்சுதான்.

கவுண்டர் வேலைய எந்த ஸ்டேட்மெண்ட்லயும் பாக்க முடியாது. குடும்ப கோர்ட் சட்டப்படி வக்கீல் வெக்கறது உரிமை இல்ல, அதனால தானே வந்து நிக்கற அம்மாக்கள் நெறைய, அழுது முடிக்கற வரைக்கும் காத்திருந்துதான் வாய்தா தேதியே சொல்ல முடியும்.

சிறார் வாரியத்துல கதை வேற. விசாரணை 4 மாசத்துல முடியணும், மிஞ்சிப்போனா இன்னும் 2 மாசம், அதுக்குள்ள நன்னடத்தை அலுவலரோட சமூக விசாரணை அறிக்கை வரலன்னா நினைவூட்டல் மேல நினைவூட்டல் போடறதும் நம்ம ஆளுங்கதான். பையனோட பேரு, ஸ்கூல் எதுவும் வெளிய போகக்கூடாதுன்னு ஒவ்வொரு பேப்பரையும் ரெண்டு தடவ பாக்கணும். கட்டு முடிஞ்சப்புறமும் தண்டனை ரெக்கார்ட அழிக்கற வேலை பாக்கி.

ஜட்ஜ்களுக்கு, முடிக்கற கேஸுக்கு இத்தனை யூனிட்னு ஒரு கணக்கு இருக்கு. 2014ல சட்ட ஆணையம் 245வது அறிக்கை போட்டுச்சு, அதுவும் எத்தனை ஜட்ஜ் வேணும்கறதுதான். அமெரிக்காவுல நேஷனல் சென்டர் ஃபார் ஸ்டேட் கோர்ட்ஸ்ல ஊழியர்களையே சில வாரம் நேரம் குறிக்க வச்சு, எந்த வகை கேஸுக்கு எவ்வளவு நிமிஷம்னு வெயிட் போடறாங்க. அதப் பாத்துதான் நாமளும் ஆளுக்கொரு நோட்டு குடுத்தோம். மொத வாரம் ஜோரா எழுதினீங்க, மூணாவது வாரம் நம்ம பெஞ்ச் கிளார்க் அக்கா நோட்டுல ‘இன்னைக்கு எழுத நேரமில்ல’ன்னு மட்டும் இருக்கு, என்னக் கேட்டா மொத்த நோட்டுலயும் அதான் உண்மையான கணக்கு. அடுத்த தடவ நோட்டு வேணாம், டேபிள்ல ஒட்ற மாதிரி ஒரே பக்க அட்டை, டிக் அடிச்சா போதும், சம்மன் கொண்டு போற ஆபீஸ் அசிஸ்டெண்ட் தம்பிகளுக்கும் தனியா ஒண்ணு, வீடு பூட்டியிருந்து திரும்பி வந்தாலும் அது வேலைதான்.

வரவு செலவ பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு. நோட்டத் திருப்பி குடுக்காதவங்க இந்த வாரத்துக்குள்ள குடுத்துடுங்க, சிலிண்டர் கணக்கு எழுதியிருந்தாலும் பரவால்ல.

இப்படிக்கு,
செயலாளர்