துபாய்க்குப் போகாத அப்பா

அன்புள்ள தேவிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், அதனால் கடிதம்.

புழல் ஜெயிலிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. வியாசர்பாடியில் உன் சித்தப்பா வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடும். பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கதவையே பார்த்து உட்கார்ந்திருப்பேன். தாழ்ப்பாள் என் பக்கம் இருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும். விளக்கை அணைத்தால் தூக்கம் வருவதில்லை. கரண்ட் பில் ஏறுகிறதென்று சித்தி முணுமுணுக்கிறாள், பாவம்.

ஆதாரில் இருப்பது 2013இல் நான் வைத்திருந்த நம்பர். அது இப்போது யாரிடமோ இருக்கிறது. பேங்கில் போனால் ஓடிபி கேட்கிறார்கள். ஓடிபி அந்த யாருக்கோ போகிறது. ஆதார் மையத்துக்குப் போனேன். லேத்தில் தேய்ந்த விரல், மூன்று தடவை வைத்தும் மிஷின் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் மட்டும் மை தடவி ஒரே அழுத்தில் பதிந்தது!

வேலைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் அலைந்தேன். எங்கே பார்த்தாலும் சிஎன்சி, கம்ப்யூட்டரில் ஓடும் மிஷின். ஒரு பட்டறையில், "பத்து வருஷம் எங்கே இருந்தீங்க?" என்றார் முதலாளி. துபாய் என்றேன். நீ மாமியார் வீட்டில் சொல்லி வைத்ததுதான், வாயில் வந்துவிட்டது. அவரும் அங்கே இருந்தவராம். எந்த ஏரியா என்றார். வேர்த்துப்போய், வாங்கிக் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த இடத்தில் கேட்பதற்கு முன்பே சொன்னேன். குடித்துவிட்டு அடித்தேன், ஒரு ஆள் செத்துப்போனார், தண்டனை முடித்து வந்திருக்கிறேன் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு இரும்பு ராடையும் அளந்து பார்க்க வெர்னியரையும் கொடுத்து, 25 எம்எம்முக்குக் கடைந்து காட்டச் சொன்னார். கை நடுங்கியது. 24.98 வந்தது. ஒரு நாளைக்கு 600 ரூபாய், ஒரு மாதம் பார்ப்போம் என்றார். கல்லாப்பெட்டி இருக்கும் அறைக்கு மட்டும் போகக் கூடாதாம். சரி என்றேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வளைகாப்புக்குக் கூப்பிட்டாய். துபாயிலிருந்து லீவில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாய். வர ஆசைதான். திருச்சி பஸ் இப்போது கிளாம்பாக்கத்தில் என்றுகூட விசாரித்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பொய் மட்டும் என்னால் முடியாதும்மா. மாப்பிள்ளையிடம் முதலில் நீயே சொல்லிவிடு. அவர் வேண்டாம் என்றால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். வளையலுக்குப் பணம் மட்டும் சித்தப்பா மூலம் அனுப்புகிறேன்.

வரச் சொன்னால் ஒரு போன் போடு. பட்டறைக்கு ஞாயிறு லீவு.

அப்பா