பரணில் கிடந்த பக்கம்

தேன்கனிக்கோட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாலு,

நாலு மாசமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். முழங்கால் பரவாயில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இப்போது எழுதுவது குட்டு வாங்கிய கதை.

பள்ளி நூலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு விக்கி போட்டிருக்கிறேன், படிப்பவர்களே பக்கங்களை எழுதித் திருத்தும் தளம். "விக்கிப்பீடியாதானே?" என்று ஆரம்பிக்காதே. அது வந்தது 2001இல். வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியை 1995லேயே ஓடவிட்டார். ஹொனலுலு விமான நிலையத்து 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரை வைத்தார். ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்று அர்த்தம். நான் போட்டது டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள். டேட்டாபேஸ் வேண்டாம், ஒவ்வொரு பக்கமும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். இன்டர்நெட் போனாலும் நூலகத்துக்குள் ஓடும். நம் அட்டை கேட்லாக், புத்தகம் எந்த அலமாரியில் என்று மட்டும் சொல்லும். இதில் படித்த பிள்ளையே தனக்குத் தெரிந்ததைச் சேர்க்கலாம்.

சேர்த்தார்கள். முதல் வாரமே 'ராகி'யா, 'கேழ்வரகா', 'ஆரிய'மா என்று தலைப்புக்குச் சண்டை. சரி, மூன்றுக்கும் இணைப்பு கொடுத்து முடித்தேன். அப்புறம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பாட்டி காலத்தில் ராகியை மண்ணுக்குள் குழி வெட்டி வைத்த கதையை எழுதினாள். நல்ல பக்கம். கடைசி வரி: 'குழியைத் திறந்ததும் விளக்கு காட்டணும்.' மூடநம்பிக்கை என்று அந்த வரியை அழித்துவிட்டேன். நம்ம சிவப்பு மை வாத்தியார் எனக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார், பாலு!

மறுநாள் பாட்டியே வந்துவிட்டார். "சாமிக்கு இல்ல சார். விளக்கை இறக்கினா அணைஞ்சுதுன்னா உள்ள காத்து கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். இறங்கினவன் ஏறி வரமாட்டான்." மூடிய குழியில் தானியம் மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தின்றுவிடும், கார்பன் டை ஆக்சைடு அடியில் தேங்கும். முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவன் நான். நாற்காலி போட்டு உட்காரவைத்து, பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

ஒரே ஆறுதல், விக்கியில் அழித்தது அழிவதில்லை. டோக்குவிக்கி பழைய பதிப்புகளைப் போட்டு வைக்கும் ஃபோல்டருக்கு 'அட்டிக்' என்றே பெயர், நம்ம பரண்! யார், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் பக்கத்தின் வரலாற்றில் இருக்கும். என் பெயரும்தான்.

வரியை நானே மீட்கலாம் என்று திங்கள் காலை போனேன். அவள் முந்திக்கொண்டாள். காரணம் எழுதும் கட்டத்தில் இப்படி இருந்தது: "சார் தெரியாமல் அழித்துவிட்டார்."

அடுத்த மாசம் வா, ராகிக் களி கிண்டச் சொல்கிறேன்.

உன்,
சேகர்