பெட்டி முழுசு, கிடார் உடைசல்: விமானம் ஏறுமுன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விமானத்தில் போய் உடைந்து திரும்பும் கிடார்களில் பலவற்றுக்குப் பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது. மூடியைத் திறந்தால் ஹெட்ஸ்டாக் எனும் தலைப்பகுதி மட்டும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கும். "நல்ல ஹார்டு கேஸ்தானே, எப்படி உடைந்தது?" என்று எல்லோரும் கேட்பார்கள். கிடார் உடைவது பெரும்பாலும் வெளியே படும் அடியால் அல்ல, பெட்டிக்குள் அது அசைவதால்தான்.

உடையும் இடம் நட்டுக்கு, அதாவது தலைக்கு அருகே கம்பிகள் பதிந்து நிற்கும் சிறு பட்டைக்கு, சற்றுப் பின்னால் இருக்கிறது. நெக் எனும் கழுத்துப் பகுதி அங்கேதான் மெலிது. தலை பின்பக்கமாக 13 முதல் 17 டிகிரி வரை சாய்ந்திருக்கும் மாடல்களில், ஒரே மரத்துண்டில் செதுக்கியிருந்தால், மரத்தின் இழை அந்த வளைவில் அறுபட்டுக் குட்டையாகிவிடும். கம்பிகளின் இழுப்பை எதிர்க்க நெக்கினுள் வைத்திருக்கும் டிரஸ் ராடு என்ற எஃகுத் தண்டைத் திருகும் குழியும் அங்கேயே இருந்தால் மிஞ்சும் மரம் இன்னும் குறைவு. அதன் நுனியில் கம்பிகளை முறுக்கும் ஆறு டியூனர்களின் எடை. நிறுத்தி வைத்த பெட்டி குப்புறச் சாயும்போது உடலும் நெக்கும் பெட்டியோடு சேர்ந்து சட்டென நின்றுவிடுகின்றன. தலை நிற்பதில்லை, போன வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கும். கம்பிகளின் இழுப்பும் அதே திசையில்தான். இரண்டும் சேர்ந்தால் அந்த மெல்லிய இடம் தாங்காது.

ஆகவே பெட்டி வாங்கச் செலவழிக்கும் அக்கறையில் பாதியையாவது அதன் உள்ளே காட்டுங்கள். நெக்கைத் தாங்கும் மேடை சரியாகப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பழைய பனியன் துணியோ பஞ்சு அட்டையோ எடுத்து, ஹெட்ஸ்டாக்குக்கு அடியிலும் இரு பக்கங்களிலும் இடைவெளியை நிரப்புங்கள். கடைசியாக மேலேயும் ஒரு மடிப்பு, மூடி மூடும்போது லேசாக அழுத்தும் அளவுக்கு. திணித்து அடைக்கக் கூடாது. மூடியை அமுக்கிப் பூட்ட வேண்டியிருந்தால் அந்த அழுத்தமே நெக்கின் மேல் விழும். உடலின் இடுப்புப் பகுதியிலும் அடிப்பக்கத்திலும் ஆட்டம் இருந்தால் அங்கும் துணி வேண்டும். பூட்டிய பின் பெட்டியை மெல்ல அசைத்துப் பாருங்கள். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தாலும் திறந்து மறுபடி அடுக்குங்கள்.

பலர் மறப்பது அடிமுனையில் நிற்கும் ஸ்டிராப் பொத்தானை. பிக்கப் (ஒலியை மின்சாரமாக்கும் கருவி) பொருத்திய பல அக்கூஸ்டிக் கிடார்களில் அதுவே ஒயர் செருகும் ஜாக்காகவும் இருக்கும். பெட்டி நேராகக் கீழே விழுந்தால் அந்தச் சிறு முனை ஆணி போல உள்ளே குத்தி அடிக்கட்டையையும் பக்கவாட்டு மரத்தையும் பிளக்கும். பொத்தானைத் திருகிக் கழற்றிவிடலாம். கழற்ற முடியாத ஜாக்கென்றால் அதன் இருபுறமும் துணி வைத்து, முனை எதையும் தொடாமல் நிற்கும்படி செய்யுங்கள். சுருதி பார்க்கத் தலையில் மாட்டிய கிளிப் டியூனரைக் கழற்றுங்கள். கேப்போ, ஸ்லைடு, உதிரிக் கம்பி எதையும் கேஸுக்குள் தளர்வாகப் போடாதீர்கள்.

கம்பியைத் தளர்த்த வேண்டுமா என்பது ஓயாத வாதம். விமானத்தின் சரக்கு அறையில் காற்றழுத்தம் இருக்காது, அதனால் தளர்த்த வேண்டும் என்பார்கள். அது தவறு, பயணிகள் இருக்கும் பகுதியின் அழுத்தம்தான் அங்கும். ஆனாலும் தளர்த்துவது நல்லது, விழும்போது தலையின் மேல் உள்ள சுமை குறையுமே என்பதற்காக. 12 கேஜ் (மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம்) ஸ்டீல் கம்பி செட்டின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ. இழுவிசை சுருதியின் அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், ஒரு முழுச் சுரம் இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரண்டு முழுச் சுரம் இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே குறையும். இரண்டு சுரம் போதும் என்பது எங்கள் கருத்து. முழுவதும் அவிழ்த்துவிட்டால் டிரஸ் ராடு எதிர்ப்பே இல்லாமல் நெக்கைப் பின்னால் வளைக்கும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டாமல் கம்பி அழுத்தத்தில் மட்டும் நிற்கும் ஆர்ச்டாப் வகைக் கிடாரில் பிரிட்ஜே நகர்ந்துவிடும். (வயலின்காரர்களுக்கும் இது பொருந்தும்: நான்கு கம்பியையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு குச்சி சாய்ந்துவிடும்.) மிதக்கும் டிரெமலோ (கம்பிகளின் சுருதியை அசைக்கும், ஸ்பிரிங்கில் நிற்கும் பிரிட்ஜ்) இருந்தால், தளர்த்தும் முன் பின்பக்கக் குழியில் அளவான ஒரு மரத்துண்டைச் செருகி அதை அசையாமல் நிறுத்துங்கள்.

கையோடு எடுத்துப்போவதா, லக்கேஜில் போடுவதா? முடிந்தால் கையோடுதான். ஒரு மீட்டர் நீளக் கிடார் எந்த நிறுவனத்தின் கேபின் பை அளவுக்குள்ளும் அடங்காது. அனுமதி இசைக்கருவிகளுக்கான தனி விதியில்தான் இருக்கும். அமெரிக்காவில் 2015 மார்ச்சிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, ஏறும் நேரத்தில் மேல் தட்டில் இடமிருந்தால் கிடாரை ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு வருபவரின் பைக்காக இறக்கச் சொல்லக் கூடாது. மற்ற இடங்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விதியைப் படித்து, அந்தப் பக்கத்தைப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். "இடமிருந்தால்" என்ற சொல்லையும் கவனியுங்கள். தாமதமாக ஏறுபவருக்கு எந்த விதியும் உதவாது. மெல்லிய கிக் பேக் எனும் துணிப்பையோடு விமான வாசல்வரை போய், அங்கே கீழே அனுப்பச் சொல்லிவிட்டால்தான் உண்மையான ஆபத்து. அதனால் கையோடு கொண்டுபோவதற்கும் தடித்த, நெக்கைத் தாங்கும் கட்டை உள்ள பையே நல்லது.

லக்கேஜில் போடுவதென்றால் எடையைக் கவனியுங்கள். வழக்கமான வரம்பு 23 கிலோ. நீளம், அகலம், உயரம் கூட்டி 158 செ.மீ. என்ற கணக்கை ஹார்டு கேஸ் பெரும்பாலும் தாண்டும். கூடுதல் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். சோதனைக்காகப் பெட்டியைப் பாதுகாப்பு ஊழியர்கள் திறக்கலாம். திறந்தவர் உங்களைப் போல அடுக்கமாட்டார். எந்தத் துணி எங்கே இருக்க வேண்டும் என்று காட்டும் ஒரு படத்தை மூடியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.

பெடல்போர்டு, அதாவது ஒலியை மாற்றும் பெடல்கள் பொருத்திய பலகை, எக்ஸ்ரேயில் ஒயரும் சர்க்யூட்டுமாகக் குழம்பிய ஒரு பொட்டலமாகத் தெரியும். பையின் மேலேயே, தனியாக எடுத்துவைக்கத் தோதாக வையுங்கள். பத்துப் பெடலும் பலகையும் சேர்ந்தால் 7 கிலோ கேபின் வரம்பு எளிதில் மீறப்படும், வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். பெடல்களின் திருகு குமிழ்கள் (நாப்) நிற்கும் நிலையை ஒரு படம் எடுத்துக்கொண்டால் மேடையில் தேட வேண்டாம். டியூப் ஆம்ப் போகிறதென்றால் டியூப்களைக் கழற்றி, எது எந்தச் சாக்கெட் என்று குறித்து, தனித்தனியாகச் சுற்றிக் கையில் கொண்டுபோங்கள். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான பழைய வகை ஒரே வோல்டேஜுக்கு மட்டுமே. வயர்லெஸ் செட் என்றால், ஒரு நாட்டில் அனுமதித்த யூஹெச்எஃப் அலைவரிசை இன்னொரு நாட்டில் தடையாக இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் லக்கேஜில் போகக் கூடாது, கையில் மட்டுமே. 100 வாட்-மணி வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் இல்லை. பேட்டரியில் மில்லி ஆம்பியர் மணி மட்டும் எழுதியிருந்தால் அதை 1000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்குங்கள்: 20,000, 3.7 வோல்ட் என்றால் 74 வாட்-மணி. உதிரி 9 வோல்ட் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். கம்பி வெட்டும் கட்டர், ஸ்பேனர் எல்லாம் லக்கேஜில். தீப்பற்றும் ஸ்பிரே கிளீனரை எதிலும் எடுத்துப்போக வேண்டாம்.

பழைய கிடார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரேசிலியன் ரோஸ்வுட், 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரம் உள்ள கருவியோடு எல்லை தாண்ட இசைக்கருவிச் சான்றிதழ் வேண்டும். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. தந்தமோ ஆமை ஓடோ பதித்த கருவி என்றால் விசாரிக்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

இறங்கியதும் பெட்டியைத் திறந்து உடைசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன், லக்கேஜ் கவுண்டர் பக்கத்திலேயே. பிறகு மூடிவிடுங்கள். குளிர்ந்த மரத்தைச் சட்டென வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் லேக்கர் பூச்சு மயிரிழையாக வெடிக்கும். அறையில் மூடியபடி சில மணிநேரம் கிடக்கட்டும். கேபினில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போவதுண்டு. கிடாருக்குத் தேவை 45 முதல் 55. நீண்ட பயணமென்றால் ஈரப்பதம் காக்கும் ஒரு பாக்கெட்டை கேஸில் வையுங்கள்.

உடைந்திருந்தால் அங்கேயே புகார்ச் சீட்டு வாங்குங்கள். பெட்டியோடும் லக்கேஜ் டேகோடும் படம் எடுங்கள். பன்னாட்டுப் பயணங்களுக்கான 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு: 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில். உங்கள் கிடார் அதைவிட விலை கூடியதென்றால் செக்-இன் செய்யும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம், அல்லது தனிக் காப்பீடு எடுக்கலாம். சீரியல் நம்பரும் வாங்கிய ரசீதும் போனில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் இசைக்கருவிக் கடையினர்