ரேக்குக்குப் பின்னால் இரண்டடி

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பிளானைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். மாடியில் தியேட்டர் அறைக்கு 20-க்கு 14 அடி ஒதுக்கியிருப்பது நல்ல அளவு. திரை எந்தச் சுவரில், ஸ்பீக்கர்கள் எங்கே என்பதையெல்லாம் இன்டீரியர் செய்கிற தம்பி கவனமாகவே குறித்திருக்கிறார். எனக்கு உறுத்துவது ஒரே ஒரு இடம். திரைக்குக் கீழே சுவரில் மாடம் மாதிரி விட்டு, கண்ணாடிக் கதவு போட்டு, ரிசீவர் (படத்தையும் ஒலியையும் வாங்கிப் பிரித்து அனுப்பும் பெட்டி), ஆம்ப், செட்டாப் பாக்ஸ், பிளேயர் எல்லாவற்றையும் அதற்குள் அடுக்குவதாகப் போட்டிருக்கிறது. அது வேண்டாம்மா. பூச்சு வேலை தொடங்குவதற்குள் மாற்றிவிடலாம் என்பதால்தான் போனில் சொல்லி முடிக்காமல் எழுதுகிறேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் பார்த்த ரேக், அதாவது கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டம், எதுவும் சுவரோடு ஒட்டி நின்றதில்லை. முன்னால் ஒரு நடைபாதை, பின்னால் ஒரு நடைபாதை. இடம் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் பின்னால் ஓர் ஆள் நின்று வேலை செய்ய வழி விட்டிருப்பார்கள். கேபிள் வருவதும் போவதும் பின்னால்தான், பழுது வந்தால் தேட வேண்டியதும் பின்னால்தான். வீட்டு தியேட்டரிலும் அதே கதைதான். நீங்கள் 7.1.4 போடுகிறீர்கள், அதாவது சுற்றி ஏழு ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், மேலே நாலு ஸ்பீக்கர். அப்படியானால் சப்வூஃபர் போக 11 ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு இரண்டு முனை என்று 22 வயர் முனைகள், சப்வூஃபர் கேபிள், படமும் ஒலியும் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிள் நாலைந்து, நெட்வொர்க், அப்புறம் ஒவ்வொரு பெட்டிக்கும் பவர் கார்டு. இவ்வளவும் ஒரு மாடத்துக்குள் சுவரைப் பார்த்தபடி இருக்கும். ஒரு ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் 12 கிலோ எடையுள்ள ரிசீவரை முன்னால் இழுக்க வேண்டும். இழுக்கும்போது பக்கத்து வயர் கழன்றுவரும். விறைப்பான எச்.டி.எம்.ஐ. கேபிள் சாக்கெட்டை நெம்பும். ஒரு பழுதைப் பார்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிக்கொண்டு வருவது இப்படித்தான். ரேக்கின் முகம் எங்கே இருக்க வேண்டும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, முதுகு எங்கே இருக்க வேண்டும் என்று யோசி. மற்றதெல்லாம் தானாக அமையும்.

உன் பிளானிலேயே அதற்கு இடம் இருக்கிறது. தியேட்டரின் பின்சுவரை ஒட்டி வராந்தாப் பக்கம் 5-க்கு 7 அடியில் ஒரு ஸ்டோர் ரூம் போட்டிருக்கிறாய் அல்லவா? அதுதான் ரேக் நிற்க வேண்டிய இடம். 7 அடி நீளத்தில் ரேக்குக்கு இரண்டடி, அதன் பின்னால் இரண்டடி, முன்னால் மூன்றடி. கதவைத் திறந்தால் ரேக்கின் முகம் தெரியும், பக்கவாட்டில் நுழைந்தால் முதுகுக்குப் போய் நிற்கலாம். பெட்டி படுக்கைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

மாடிப்படிக்குக் கீழே வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள், பார்க்கவும் அடக்கமாக இருக்கும். ஆனால் உங்கள் வீட்டில் அங்கேதான் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வரப்போகின்றன. தண்ணீர் ஊற்றுகிற லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், கூடவே ஆசிட் ஆவியும் கொஞ்சம் கிளம்பும். எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரிகளுக்குத் தனி அறை, தனி எக்ஸாஸ்ட். கருவி இருக்கிற ஹாலுக்குள் அதைக் கொண்டுவரவே மாட்டார்கள். அந்த அறையில் டெர்மினல் போல்ட்டுகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். துடைத்து, வாசலின் தடவிவிட்டு வருவோம். அந்தக் காற்று உன் ரிசீவரின் சாக்கெட்டுகளில் பட வேண்டாம். அதுவும் ஈஞ்சம்பாக்கத்தில், ஏற்கெனவே உப்புக்காற்று வீசுகிற ஊரில்.

பரணும் வேண்டாம். மொட்டைமாடித் தளம் மே மாதம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும், படம் பார்க்கிற நேரமும் அதுதான். பாத்ரூமை ஒட்டிய சுவரையும் ஏ.சி.யின் இன்டோர் யூனிட்டுக்கு நேர்க்கீழையும் தவிர்த்துவிடு. டிரெயின் பைப் ஒருநாள் அடைத்தால் போதும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல ரிசீவர்களின் கையேட்டில், சுற்றியுள்ள காற்று 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றுதான் போட்டிருக்கும். 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் தொடங்கி நம் நாட்டுக் கிராமங்களுக்கெல்லாம் போன, அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டின் 128 போர்ட் எக்ஸ்சேஞ்ச், ஏ.சி. இல்லாமலே ஓட வேண்டும் என்று நினைத்து வடிவமைத்த கருவி. அதைப் பார்த்து எங்களுக்கெல்லாம் அவ்வளவு பெருமை. வீட்டு ரிசீவரை யாரும் அப்படி நினைத்துச் செய்யவில்லை. மூடிய மாடத்துக்குள் வைத்தால் அது தான் விட்ட சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களின் ஆயுள் அதில்தான் குறைகிறது.

உங்கள் கருவிகள் எல்லாம் சேர்ந்து 500 வாட் வெப்பம் விடும் என்று வைத்துக்கொள். ஏ.சி. கணக்கில் அது மணிக்கு சுமார் 1,700 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு). ஒரு டன் ஏ.சி. என்பது 12,000. ஆகவே ரேக்குக்கென்று தனி ஏ.சி. வாங்கத் தேவையில்லை. ஆனால் ஸ்டோர் ரூம் சூடு வராந்தாவைவிட 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டுமானால் மணிக்கு 300 கன மீட்டர் காற்றாவது நகர வேண்டும். 8 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று தாராளமாகப் போதும். மேலே, ரேக்கின் பின்பக்கமாக, வெளிச்சுவரில் ஷட்டரோடு வைத்துவிடு. கதவின் அடிப்பகுதியில் கிரில் வைத்து, வராந்தாக் காற்று அதன் வழியாக வரட்டும். அந்தக் கிரிலுக்குப் பின்னால் கொசுவலை அடித்துவிடு. பல்லி உள்ளே போய் போர்டின் மேல் படுத்தால் அதுவும் போகும், போர்டும் போகும். தியேட்டர் அறையின் குளிர்ந்த காற்றையே ரேக்குக்கு எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்த ஓட்டை வழியாகச் சத்தமும் போய்வரும், வேண்டாம்.

ரேக் சாதாரண 19 அங்குல ரேக்காகவே இருக்கட்டும். அதில் உயரத்தை யு என்று அளப்பார்கள், ஒரு யு 44.45 மில்லிமீட்டர். 27 யு என்றால் 120 சென்டிமீட்டர், உங்களுக்கு அது போதும். ரிசீவர் சுமார் 43.5 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், ஷெல்ஃப் போட்டு அதில் வைத்துக்கொள்ளலாம். ஆழம் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வாங்கு. பெட்டி 40 என்றாலும், கேபிள் வளைந்து திரும்ப 10, 15 வேண்டும். கனமான ஆம்பும் யு.பி.எஸ்.சும் அடியில் வரட்டும். ரிசீவருக்கு மேலே இரண்டு யு காலியாக விடு, அதன் தலையில் எதையும் ஏற்றாதே. ரேக்கைத் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு நிறுத்தச் சொல். குட்டிப் பையன் எல்லாவற்றின் மேலும் ஏறுகிற வயதில் இருக்கிறான்.

ரேக்கை வெளியே கொண்டுபோனால் கேபிள் நீளும், அது ஒன்றுதான் விலை. ஸ்பீக்கர் வயருக்குப் பயம் இல்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 15 மீட்டர் தூரத்துக்குப் போய்வர கால் ஓம்கூட வராது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எச்.டி.எம்.ஐ. விஷயம் வேறு. சாதாரணச் செம்பு கேபிள் 4கே படத்துக்கு ஐந்து, ஆறு மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. உங்கள் புரொஜெக்டருக்குச் சுவரேறி, ஃபால்ஸ் சீலிங்கில் சுற்றிப் போக 12 மீட்டராவது ஆகும். அதனால் அங்கே ஆப்டிகல் (ஒளியிழை) எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கு. அதற்குத் திசை உண்டு. ஒரு முனை ரிசீவருக்கு, மறுமுனை புரொஜெக்டருக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். மாற்றி இழுத்துவிட்டால் படம் வராது, மறுபடி உருவ வேண்டியதுதான். இழுப்பதற்கு முன்னால் தரையில் போட்டு மாட்டிப் படம் ஓட்டிப் பார்த்துவிடச் சொல்.

பைப் விஷயத்தில் எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாக இரு. அவர் வழக்கமான 25 மில்லிமீட்டர் பைப்பைப் பதிக்கப் பார்ப்பார். எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலையே சுமார் 20 மில்லிமீட்டர் அகலம், ஒரு வளைவு வந்தாலே சிக்கிக்கொள்ளும். புரொஜெக்டருக்கும் திரைச் சுவருக்கும் 50 மில்லிமீட்டர் பைப், எல்போ இல்லாமல் நீள வளைவு. இரண்டிலும் இழுகயிறு போட்டு விடட்டும். கேபிளின் தரம் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், பைப் மட்டும் இருந்தால் சுவரை உடைக்காமல் புதியதை இழுத்துக்கொள்ளலாம். நெட்வொர்க்குக்கான ஒரு கேட்-6 கேபிளையும் கூடவே போட்டுவை. பவர் பைப்பும் சிக்னல் பைப்பும் ஓரடி தள்ளிப் போக வேண்டும். குறுக்கே கடக்கத்தான் வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கரென்டில் இரண்டு விஷயம். ரேக், புரொஜெக்டர், சப்வூஃபர் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபேஸிலிருந்து, ஒரே எர்த்திலிருந்து லைன் எடுக்கச் சொல். எர்த் வேறு வேறு வழியில் சுற்றினால் ஸ்பீக்கரில் விடாமல் ஒரு ரீங்காரம் கேட்கும். அமைதியான காட்சியில் அதைப்போல எரிச்சல் கிடையாது. இன்னொன்று, இடி. எக்ஸ்சேஞ்சுக்கு வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு லைனும் முதலில், லைன்களெல்லாம் வந்து சேரும் எம்.டி.எஃப். ஃபிரேமில், இடியின் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்பிவிடும் அரெஸ்டரைத் தாண்டித்தான் உள்ளே வரும். வீட்டிலும் டிஷ் கேபிள், இன்டர்நெட் கேபிள் இரண்டும் ஒரே இடத்தில் நுழையட்டும். வீட்டுக்குள் கரென்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பாக்ஸில் ஒரு சர்ஜ் புரொடெக்டர் மாட்டிவிடு.

ரிமோட் எப்படி வேலை செய்யும் என்று கேட்பாய். திரைக்குக் கீழே ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பட்டாணி அளவு ஐ.ஆர். கண் ஒன்று வைத்து, அதிலிருந்து மெல்லிய வயரை ரேக்குக்கு இழுத்துவிட்டால் அறையில் உட்கார்ந்தபடியே எல்லாம் நடக்கும். டிஸ்க் போட மட்டும் எழுந்து போக வேண்டும். மாப்பிள்ளையின் கேம் பெட்டியை ரேக்கில் வைக்காதே, சுவருக்கு அந்தப் பக்கம் போனால் கன்ட்ரோலர் சிக்னல் விட்டுவிட்டு வரும். திரைக்குக் கீழே அதற்கு மட்டும் ஒரு எச்.டி.எம்.ஐ. பாயின்ட் கொடு. மற்றபடி அறைக்குள் ஃபேன் சத்தம் இருக்காது, இருட்டில் நீலமும் சிவப்புமாக லைட் மினுக்காது, சப்வூஃபர் அதிரும்போது கண்ணாடிக் கதவு கடகடக்காது.

லேபிள் ஒட்டாமல் ஒரு வயரைக்கூட மாட்ட விடாதே. இரண்டு முனையிலும் வேண்டும். பைப் பதித்த சுவர்களைப் பூசுவதற்கு முன்னால் டேப் வைத்து போட்டோ எடுத்துக்கொள். மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாளில் ஏதாவது பேசாமல் போனாலும், நீயே பின்னால் போய் நின்று, எந்த வயர் எது என்று பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

ஒரு விஷயம் மட்டும் இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. ஸ்டோருக்கும் தியேட்டருக்கும் நடுச்சுவரில் மேலே பீம் போகிறது. பீமில் துளை போட யாரையும் விடாதே, பைப் அதற்குக் கீழேதான் போக வேண்டும். பீமின் அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, ஒரு போட்டோவோடு அனுப்பு. துளைகள் எங்கே வர வேண்டும் என்று வரைந்து, மேஸ்திரிக்குப் புரிகிற மாதிரி அளவு போட்டு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா